ஆறரை மணிக்கு இரண்டாவது

கிர்ர்ர்... கிர்ர்ர்...

கணவனின் செல்போன் அலறியபோது அவன் குளியலறையில் இருந்தான். தையல் மெஷினிலிருந்து எழுந்து அவள் எடுத்தாள்.

'ஹலோ' சொல்லக்கூட அவகாசம் இல்லை.

ஒரு பெண் குரல்!

"நேத்து ரெண்டாவதை விட்டுட்டீங்களே சார்? இன்னிக்குச் சாயங்காலம் ஆறரைக்குக் கண்டிப்பா வந்துடுங்க. வீட்டுல எத்தனை நாள்தான் மறைப்பீங்க?"

டொக்.

இரண்டாவது...!

அவளோ, எச்.ஐ.வி. என்று தெரிந்தே அவனுக்குக் கழுத்தை நீட்டியவள். ஒன்பது வருடமாகத் தினமும் காலை ஆறரைக்குத் தன் கையால் மாத்திரை கொடுப்பவள். போன மாதம் டி.பி.யும் வந்து ஒட்டிக்கொண்டபோது அந்த மாத்திரைகளையும் எண்ணி எண்ணிக் கொடுத்தவள்.

ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இந்த லட்சணத்தில் ஐயாவுக்கு ஒரு சின்ன வீடா...?

மாலையில் அவன் கிளம்பினான்.

பின்னாலேயே அவள். கைப்பையில் துணி வெட்டும் கத்தரிக்கோல். யாருடைய தலைமுடி என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவன் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, மருந்து கவுன்ட்டர் முன்னால் நின்றான். உள்ளே கண்ணாடி போட்ட பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

பின்னால் வந்த மனைவி பாய்ந்தாள்.

"இவதானா அந்த ரெண்டாவது?"

கவுன்ட்டர் பெண் ஒரே ஒரு மாத்திரையை எடுத்து வைத்தாள்.

"இல்லம்மா. இதுதான்."

கணவன் அசடு வழிய, 'சொல்லுங்க' என்று தலையாட்டியதும், கவுன்ட்டர் பெண் குரலைத் தாழ்த்தி விளக்கினாள்.

"டி.பி. மாத்திரை பொல்லாதது. எச்.ஐ.வி. மருந்தை உடம்புல தங்க விடாம விரட்டிடும். அதான் பன்னிரண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு டோஸ். விட்டா அந்தக் கிருமி மறுபடி தலைதூக்கும். டி.பி. மருந்து முடிஞ்சு ரெண்டு வாரம் வரைக்கும்தான். அப்புறம் பழையபடி ஒண்ணே ஒண்ணு."

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். "இதைப் போய் ஏங்க மறைச்சீங்க?"

"ஒண்ணு ரெண்டாச்சுன்னா நோய் முத்திடுச்சுன்னு அர்த்தம்னு நீதானே சொல்லுவே? பயந்துடுவியேன்னுதான்... தினம் இங்கேயே வந்து முழுங்கிட்டுப் போறேன்."

நேற்று மாலை 'நூல் வாங்கிட்டு வாங்க' என்று அவனைக் கடை கடையாக அலைய விட்டது நினைவுக்கு வந்தது.

ஆக, நேற்று அவன் உயிரோடு விளையாடிய குற்றவாளி...

அவளேதான்!

மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவன் விழுங்கும்வரை கண் இமைக்கவில்லை.

பிறகு கவுன்ட்டரைப் பார்த்துச் சொன்னாள்:

"மீதியையும் கொடுத்துடுங்க மேடம். இனிமே இவரோட ரெண்டாவது எங்க வீட்டுலயே, என் கண் முன்னாடியே இருக்கட்டும்."