பதினைந்து நிமிடத்துக்கு ஒரு சாட்சி

அந்த அலறல் பொய்.

ஆனால் நல்ல அலறல். மூன்றாவது மாடியில் கிளம்பி, படிக்கட்டு வழியாக இறங்கி, கீழே ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்த வாட்ச்மேனை ஈரத்துணியோடு மேலே ஓடி வர வைத்த அலறல்.

மாலை ஆறு பத்து.

301-ம் எண் வீட்டுக் கூடத்தில் டான்ஸ் டீச்சர் குப்புறக் கிடந்தாள். தலைமாட்டில் இஸ்திரிப் பெட்டி.

"கதவு சாத்தாம இருந்துச்சு... கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்னு வந்தேன்..." என்று நடுங்கினாள், எதிர்வீடான 302-ல் குடியிருப்பவள்.

நடுக்கமும் பொய்தான்.

அலறுவதற்கு முன்பே அவள் குளியலறைக்குப் போய், கீசர் ப்ளக்கில் மாட்டியிருந்த டைமரைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டிருந்தாள். கொலையை மத்தியானம் ஒன்று பத்துக்கே முடித்துவிட்டாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கிராஃப் மேடம்.

மின் நிறுவனத்தின் 'லோடு ஆய்வு'ப் பிரிவுக்குத் தலைவி. எந்த வகை வீடு எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கண்டறியும் பிரிவு. பழைய ஆய்வு செத்துப்போய்ப் பல வருடம். முன்பு தேர்ந்தெடுத்த வீடுகளில் பாதியை இடித்துவிட்டார்கள். மீதியில் பாதி மீட்டர்கள் ஓடவில்லை. அதை அவள்தான் தூசி தட்டி எழுப்பினாள். கம்ப்யூட்டரே குலுக்கிப் போட்ட நானூற்று இருபது வீடுகள். ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கணக்கு எழுதி, அலுவலகத்துக்கு அனுப்பும் புது மீட்டர்.

ஊழியர்களின் வீடுகள் குலுக்கலில் கிடையாது. எதிர்வீட்டுக்காரர்களைத் தடுக்க விதி எதுவும் இல்லை.

301 வந்து விழுந்தது.

முதல் நாள் சும்மாதான் பார்த்தாள். இரண்டாம் நாள் வயிறு எரிய ஆரம்பித்தது.

காலை ஏழே காலுக்கு வெந்நீர்க் குளியல். ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை அசைவே இல்லை... கொடுத்துவைத்தவள், தூங்குகிறாள். எப்போதும் ஏதோ ஒன்று நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும், அவசரமில்லாத வீடு. நாம் ஏன் இப்படி வாழவில்லை?

பிறகு அந்த மேடு கண்ணில் பட்டது.

திங்கள் முதல் வெள்ளி வரை மத்தியானம் இரண்டரைக்கு ஒன்றரை கிலோவாட் ஏறும். மூன்றரைக்கு இறங்கும். ஏ.சி. சந்தேகமே இல்லை.

அதே இரண்டரையிலிருந்து மூன்றரை வரைதான், வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் கிராஃப் மேடத்தின் கணவன் போனை எடுப்பதில்லை.

சனி, ஞாயிறு அவள் வீட்டில் இருப்பாள். மேடு இல்லை.

ஆறு வாரம் பார்த்தாள். ஆறு வாரமும் நெஞ்சில் யாரோ அந்த இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்த மாதிரி இருந்தது.

கொலை நடந்த அன்று மத்தியானம் கணவன் பல் டாக்டரிடம் போயிருந்தான்; இரண்டு மணிக்குத்தான் திரும்புவான். அவள் உணவு இடைவேளையில் எதிர்வீட்டு மணியை அடித்தாள். கேட்கத்தான் போனாள். ஆனால் கைப்பையில் டைமர் இருந்தது.

"உங்க வீட்டுக்காரரா?" டான்ஸ் டீச்சர் சிரித்துவிட்டாள். "அக்கா, லிஃப்ட்ல ரெண்டு தடவை பார்த்திருப்பேன். முகம்கூட சரியா ஞாபகம் இல்ல."

அந்தச் சிரிப்புதான் அவளுடைய கடைசிச் சிரிப்பு.

துடைக்க வேண்டியதைத் துடைத்தாள். டைமரில் மூன்று மணியைத் திருகி வைத்தாள். மூன்று மணிக்குக் கீசர் ஓடினால், மூன்று மணிக்கு டீச்சர் உயிரோடு இருந்தாள் என்று மீட்டர் சாட்சி சொல்லும். இரண்டிலிருந்து ஐந்து வரை அவள் பன்னிரண்டு பேரோடு மீட்டிங்கில் இருந்தாள்.

படுக்கையறைப் பக்கம் மட்டும் அவள் போகவில்லை. அந்தக் கட்டிலைப் பார்க்க மனசு வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி. போன்.

"மேடம், இன்ஸ்பெக்டர் பேசறேன். நேத்து ஏதோ சொன்னீங்களே... எதிர்வீட்டு மீட்டர் பேசும்னு?"

"பேசும் சார். எப்ப யார் என்ன ஸ்விட்சைப் போட்டாங்கன்னு பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதி வெச்சுக்கும்."

"எங்க டாக்டர் பன்னெண்டுலேர்ந்து நாலுக்குள்ளன்னு இழுக்கறார். உங்க மீட்டராவது கறாரா சொல்லுமா?"

"எழுத்துல தரேன் சார். ஆளை அனுப்புங்க."

கம்ப்யூட்டரில் 301-ன் ஃபைல் விடியற்காலையே வந்து உட்கார்ந்திருந்தது. விரல் அதன் மேல் போனது.

நின்றது.

திறந்தால் பழைய நாட்களும் சேர்ந்தே விரியும். அந்த இரண்டரை மணி மேட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமா? ஆறு வாரம் பார்த்தது போதாதா?

திறக்கவில்லை. மூன்று மணிக்குத் தான் ஓடவிட்டது தனக்குத் தெரியாதா என்ன... நேராக எழுதினாள். 'பிற்பகல் 3.00 முதல் 3.30 வரை இரண்டு கிலோவாட் பயன்பாடு. தண்ணீர் சூடேற்றும் கருவி. அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருந்ததாகக் கொள்ளலாம்.' கையெழுத்து. முத்திரை.

அவள் தலைக்கு மேல் சுவரில், அவளே எழுதி மாட்டிய பலகை தொங்கியது. 'பார்த்த பிறகு பேசு.' புதிதாகச் சேர்ந்தவர்களை அதைக் காட்டித்தான் திட்டுவாள்.

டைமரை மட்டும் ஆய்வக அலமாரியில் திருப்பி வைக்க முடியவில்லை. சாவி டெஸ்டரிடம் இருந்தது. டெஸ்டர் என்பது அவளுடைய மீட்டர் டெக்னீஷியன். சட்டைப்பையில் பேனா இல்லாமல் வருவான், டெஸ்டர் இல்லாமல் வரமாட்டான். இன்று ஆளையே காணோம்.

பன்னிரண்டு மணிக்கு வந்தான். கூடவே இன்ஸ்பெக்டர். பின்னால்... அவள் கணவன்.

"நீங்க எங்க இங்க?" என்றாள்.

"சார்தான் கூப்பிட்டார். ஏன்னு சொல்லல."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கொடுத்த அறிக்கை அவர் கையில் நான்காக மடிந்திருந்தது.

"மேடம், நல்லா எழுதிருக்கீங்க. என்னை மாதிரி மக்குக்கும் புரியுது. அந்தப் படத்தை ஒரு தடவை கண்ணால பார்த்துடலாமா?"

"தாராளமா."

ஃபைலைத் திறந்தாள்.

இரண்டரைக்கு மேடு... செத்தவள் வீட்டிலா? மூன்றரைக்கு இறக்கம். நடுவில் மூன்று மணிக்கு...

ஒன்றுமில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கீசர் ஓடிய சுவடே இல்லை.

"மூணு மணி கீசர் எங்க மேடம்?" இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "இருக்கிறதும் வேற என்னமோ மாதிரி இருக்கே?"

"அது... ஏ.சி. சார். அவ படுக்கையறை ஏ.சி."

"யாரு படுக்கையறை?"

"டீச்சரோட."

இன்ஸ்பெக்டர் காதைச் சொறிந்தார். "அந்த வீட்ல ஏ.சி.யே இல்லீங்களே. ஒரே ஒரு ஃபேன். அதுவும் ஆடிக்கிட்டு இருக்கு."

அவள் திரையையும் இன்ஸ்பெக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தம்பி, நீ சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர்.

டெஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "காலைல வீட்டை சீல் வைக்கணும், கரண்ட்டை நிறுத்துன்னாங்க மேடம். 301-க்குள்ள போய் மெயினை ஆஃப் பண்ணிட்டுக் கீழ வந்து மீட்டர் போர்டைப் பார்த்தேன். 301-ன்னு எழுதின மீட்டர் பாட்டுக்கு ஓடுது. 302 நின்னுபோச்சு."

"என்ன உளர்றே?"

"ரெண்டு வீட்டு ஒயரும் மாறியிருக்கு மேடம். கட்டிடம் கட்டினப்பவே எவனோ மாத்தி மாட்டிட்டான். ஒவ்வொரு வீடா மெயினை ஆஃப் பண்ணி சரிபார்க்கணும்னு நீங்கதானே லிஸ்ட் போட்டீங்க? 301 மட்டும் அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம்னு நீங்களே தள்ளிக்கிட்டு வந்தீங்க."

தள்ளினாள்தான். அந்த வீட்டு மணியை இவன் அடித்து, டீச்சர் சிரித்துக்கொண்டு கதவைத் திறப்பதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

"அப்போ... இந்த கிராஃப்..."

"உங்க வீடு மேடம். ஏழே காலுக்கு வெந்நீர், நீங்க குளிக்கிற நேரம்தானே?"

ஏழே கால்... அவள்தான். ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை தூங்கிய கொடுத்துவைத்தவள்... அவளேதான். ஆறு வாரமாக உட்கார்ந்து பொறாமைப்பட்டது தன் சொந்த வீட்டைப் பார்த்து.

இன்ஸ்பெக்டர் அறிக்கையை மேஜையில் விரித்து நீவிவிட்டார்.

"டீச்சர் வீட்டுக் கரண்ட் 302 மீட்டர்ல ஓடிருக்கு. அது உங்க ஆய்வுலயே கிடையாது; உள்ளுக்குள்ளயே கணக்கு எழுதி வெச்சுக்குமாம், உங்க ஆபீசுக்கு அனுப்பாதாம். தம்பி பதினோரு மணிக்கு அந்த மீட்டர்ல வயரைச் செருகிப் பதிவை இறக்கினப்பதான் மூணு மணி கீசர் வெளிய வந்துச்சு. அதுக்கு முன்னாடி அதை யாரும் பார்க்கல." அவள் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். "நீங்க மட்டும் ஒன்பது மணிக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. போட்டு விட்டவங்களுக்குத்தானே அது தெரியும்?"

அவள் கை மேஜையோரம் இருந்த கைப்பையைத் தன் பக்கம் இழுத்தது.

"அந்தக் கைப்பையைக் கொஞ்சம் திறங்க மேடம்."

திறந்தாள். சாவிக்கொத்துக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவில் டைமர். அதன் முதுகில் நிறுவனத்தின் முத்திரை, ஆய்வக எண்.

கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "நீயா... எதுக்குடி? அந்தப் பொண்ணு உன்னை என்ன பண்ணுச்சு?"

ஆறு வாரம் அடைத்து வைத்தது அப்போதுதான் உடைந்தது.

"அதை நான் கேட்கணும். தினமும் மத்தியானம் ரெண்டரைக்கு என் பெட்ரூம்ல ஏ.சி. போட்டுக்கிட்டு என்ன பண்ணீங்க?"

"தூங்கினேன்."

"என்னது?"

"தூங்கினேன்டி. நீ வீட்ல இருந்தா பகல்ல ஏ.சி.யைத் தொட விடுவியா? 'மத்தியான லோடு, மத்தியான லோடு'ன்னு பிரசங்கம் பண்ணுவ. நீ ஆபீஸ் போனப்புறம் ஒரு மணி நேரம் போட்டுக்குவேன்."

"போன் ஏன் எடுக்கல?"

"எடுத்தா ஏ.சி. சத்தம் உனக்குக் கேட்டுடுமே."

கம்ப்யூட்டர் திரையில் 301 என்ற பெயரோடு அவள் வீட்டு மேடு அமைதியாக நின்றது.

பெண் போலீஸ் வந்து தோளைத் தொட்டாள். கிராஃப் மேடம் எழுந்தாள். வாசல்வரை நடந்தவள், சட்டென்று திரும்பி டெஸ்டர் அருகில் வந்தாள். கணவன் காதில் விழாத குரலில் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. அவர் தனியாத்தான் தூங்கினாரான்னு... அந்த ஃபைல்ல தெரியுமா?"

டெஸ்டர் சட்டைப்பையில் இருந்த டெஸ்டரைச் சரிசெய்துகொண்டான்.

"மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணும் மேடம். தலையை எண்ணாது."