வழி அக்காவுக்கு ஒரு நகல்

மாட்டு டாக்டரின் காருக்குள் ஓர் அக்கா குடியிருந்தாள். அவளுக்கு முகம் கிடையாது, குரல் மட்டும்தான். "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று கறாராகச் சொல்வாள். வீட்டில் எல்லோரும் அவளை வழி அக்கா என்றுதான் சொல்வார்கள். பின்சீட்டில் உட்காரும் ஐந்து வயது உருண்டை, அவள் பேசும்போதெல்லாம் "சரிக்கா" என்று பதில் சொல்வான்.

அந்த வழி அக்கா இருந்தது ஒரு டிஸ்க்கில். அது பழைய கார். திரைக்குக் கீழே இருந்த சந்தில் டிஸ்க்கைத் தள்ளினால்தான் வரைபடம் வரும், குரலும் வரும். போன் இருக்கிறதே, அதில் வழி பார்க்கலாமே என்று கேட்பீர்கள். மலையில் இரண்டு வளைவு ஏறினால் சிக்னல் போய்விடும். அப்புறம் போன் மணி பார்க்க மட்டும்தான் உதவும்.

மாட்டு டாக்டர் என்றால் ரெட்டைச்சுழியின் அம்மா. ரெட்டைச்சுழி ஆறாம் வகுப்பு. தலையில் இரண்டு சுழி இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உருண்டை அவளுடைய தம்பி. அம்மா மாற்றலாகி இந்த மலை அடிவாரத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுபது பண்ணைகள். எந்த மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அம்மாதான் போக வேண்டும். வழி காட்ட வழி அக்கா இருக்கிற தைரியத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

போன வாரம் அந்தத் தைரியம் கவிழ்ந்தது. நடு மலையில், கண் தெரியாத பனிமூட்டத்தில், வழி அக்கா பாதிப் பேச்சில் ஊமையாகிவிட்டாள். அம்மா இரண்டு மணி நேரம் சுற்றியதிலேயே சுற்றி, கடைசியில் ஒரு வழியாகப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே உயிருக்குப் போராடிய கன்று பிழைத்தது தெய்வாதீனம். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடக்கூட இல்லை. தன்னை அலுவலக வேலைக்கு மாற்றும்படி ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டாள். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறாளாம்.

அம்மாவுக்கு மாடுகள் என்றால் உயிர். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற அம்மாவை ரெட்டைச்சுழியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அந்த டிஸ்க்கை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுத் துளையின் ஓரத்தில் முடியளவுக்கு ஒரு விரிசல். அதனால்தான் வழி அக்கா சமயத்தில் பேசினாள், சமயத்தில் ஊமையானாள். புது டிஸ்க் வாங்கலாம் என்றால், அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று அம்மா ஏற்கெனவே விசாரித்துச் சொல்லியிருந்தாள். அப்படியென்றால் நகல் எடுப்பது ஒன்றுதான் வழி.

அம்மா தயங்கினாள். "நகல் எடுக்கிறேன்னு போய், இருக்கிறதும் போச்சுன்னா?"

"நாம சும்மா இருந்தாலும் இந்த விரிசல் சும்மா இருக்காதும்மா" என்றாள் ரெட்டைச்சுழி.

அம்மா கார் சாவியை எடுத்தாள். மூவரும் காரில் ஏறி, இரண்டு தெரு தள்ளியிருந்த போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனார்கள்.

ஸ்டுடியோக்காரர் ஒரு காலத்தில் கல்யாண வீடியோக்களை டிவிடி போட்டுக் கொடுத்தவர். இப்போது எல்லோரும் போனிலேயே அனுப்பச் சொல்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டே பழைய கணினியின் தூசியைத் துடைத்தார், நாலு தும்மலும் போட்டார். சாதாரண டிஸ்க்கில் இந்த வரைபடம் கொள்ளாது, இரண்டு அடுக்கு டிஸ்க் வேண்டும் என்றார். மேசை இழுப்பறை முழுக்கத் துழாவியதில் மூன்று கிடைத்தன.

"மூணே மூணுதான் கண்ணு. இனிமே தவம் கிடந்தாலும் கிடைக்காது."

முதல் டிஸ்க்கில் கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுத்தார். டிஸ்க்குக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கணினி கேட்டது. ரெட்டைச்சுழி ஆசையாக 'அம்மா வண்டி' என்று தட்டினாள். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற காருக்கு ஓடினார்கள்.

திரையில், சரியான டிஸ்க்கைப் போடவும் என்று வந்தது. திரும்பப் போட்டாலும் அதே பாட்டுதான்.

"வழி அக்கா கோவிச்சுக்கிட்டா" என்றான் உருண்டை.

ஸ்டுடியோக்காரர் மோவாயைச் சொறிந்தார். எல்லாக் கோப்பும் இருக்கிறது, ஒன்றுகூடக் குறையவில்லை. பிறகு ஏன் கார் மறுக்கிறது? ரெட்டைச்சுழி இரண்டு டிஸ்க்குகளையும் மாறி மாறிக் கணினியில் போட்டுப் பார்த்தாள். பழையதைப் போட்டதும் அதன் பெயர் திரையில் வந்தது. அழகான பெயர் ஒன்றும் இல்லை, எழுத்தும் எண்ணுமாக வாயில் நுழையாத ஒரு நீளப் பெயர்.

அவளுக்குத் தம்பி பள்ளியில் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. டீச்சர் பதிவேட்டைப் பார்த்து அவனுடைய நீளமான பெயரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். பிறந்ததிலிருந்து உருண்டை என்றே கேட்டுப் பழகியவன் நாலாபக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் பையன் இன்னிக்கு வரல டீச்சர்" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு அவனுக்கு ஆப்சென்ட்.

"மாமா, காரும் பேர் சொல்லிக் கூப்பிடுது. நான் வீட்டுப் பேர் வச்சுட்டேன். அதுக்குப் பதிவேட்டுப் பேர் வேணும்" என்றாள்.

ஸ்டுடியோக்காரர் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். பெயர், வரிசை, அடுக்கு எதையும் மாற்றாமல் டிஸ்க் முழுவதையும் அச்சு அசலாகக் கணினிக்குள் பிரதி எடுக்க ஒரு வழி உண்டாம். ஆனால் அதற்குப் பழைய டிஸ்க் இன்னொரு முறை முழுக்கச் சுற்றியாக வேண்டும். விரிசல் தாங்குமா? இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் சுற்ற விட்டார்கள். அரை மணி நேரம் நான்கு பேரும் திரையில் ஏறும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு.

ஸ்டுடியோக்காரர் டிஸ்க்கை வெளியே எடுத்தார். டக் என்று ஒரு சத்தம். அவர் கையில் இரண்டு துண்டுகள்.

அம்மா தலையில் கை வைத்தாள். ரெட்டைச்சுழிக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் கணினியைத் தொட்டுக் காட்டி, "வழி அக்கா இங்க பத்திரமா வந்துட்டாம்மா" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. மலையிலிருந்து இறங்கிவந்த பால் வண்டிக்காரர் பேசினார். உச்சிப் பண்ணையில் ஒரு பசுவுக்கு வலி கண்டிருக்கிறது, கன்று திரும்பிக் கிடக்கிற மாதிரி தெரிகிறது, இருட்டுவதற்குள் டாக்டர் வந்தாக வேண்டும் என்றார். உச்சிப் பண்ணை என்றால் அறுபதிலும் தொலைவானது. அம்மா அதுவரை அங்கே போனதே இல்லை.

ஸ்டுடியோக்காரர் பரபரவென்று இரண்டாவது டிஸ்க்கைப் போட்டு, இருப்பதிலேயே அதிக வேகத்தை வைத்தார். பன்னிரண்டு நிமிடத்தில் எழுதி முடித்தது. காரில் போட்டதும் வரைபடம் வந்தது. உருண்டை கை தட்டினான். தட்டி முடிப்பதற்குள், பாதி வரைபடத்தோடு திரை அப்படியே நின்றது. படிக்க முடியவில்லை என்றது.

பெயர் சரிதான். அதனால்தான் கார் அதை உள்ளே விட்டது. தப்பு வேறெங்கோ இருந்தது. ரெட்டைச்சுழி ஸ்டுடியோக்காரரிடம், இதையே மெதுவாக எழுத முடியுமா என்று கேட்டாள்.

"முடியும். அவசரத்துல எழுதினா பழைய பிளேயருக்குச் சமயத்துல படிக்க வராது. ஆனா நாற்பது நிமிஷம் ஆகுமே."

அம்மா சாவியை எடுத்துவிட்டாள். "அவ்வளவு நேரம் நிக்க முடியாது. வழியில யாரையாவது கேட்டுக் கேட்டுப் போயிடுறேன்."

ரெட்டைச்சுழி கார் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். "போன வாரம் எத்தனை பேரைப் பார்த்தீங்கம்மா?"

"ஒருத்தரையும் பார்க்கல" என்றாள் அம்மா மெல்ல.

"ரெண்டு மணி நேரம் சுத்தினீங்க. இப்ப நாற்பது நிமிஷம் பொறுங்க. அப்படிப் போனாதான் சீக்கிரம் போய்ச் சேருவோம்."

அம்மா சாவியைப் பைக்குள் போட்டாள். பிறகு ஸ்டுடியோவுக்குள் போய், படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசி டிஸ்க் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. மேசை ஆடக்கூடாது, யாரும் நடமாட வேண்டாம் என்று ஸ்டுடியோக்காரர் உத்தரவு போட்டார். உருண்டை அப்போதுதான் ஒரு காலைத் தூக்கியிருந்தான். அதைக் கீழே வைக்கலாமா என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டான். ரெட்டைச்சுழி திரையில் ஏறும் எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இதுவும் தப்பாகப் போனால், இந்த நாற்பது நிமிடத்தை வீணாக்கியது அவள்தான்.

டிஸ்க் வெளியே வந்தது. காருக்குள் போனது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே ஏதோ முனகியது.

பிறகு வரைபடம் முழுசாக விரிந்தது. உச்சிப் பண்ணைவரை ஒரு நீலக் கோடு ஓடியது.

"வழிகாட்டுதல் தொடங்குகிறது. நூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்."

"சரிக்கா" என்று உருண்டையோடு ஸ்டுடியோக்காரரும் சேர்ந்து கத்தினார்.

மலையில் அன்றைக்கும் பனிமூட்டம்தான். சாலையும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. வழி அக்கா மட்டும் ஒரு வளைவைக்கூட விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு மணி நேரத்தில், சேர வேண்டிய இடம் வந்துவிட்டது என்றாள். காருக்கு முன்னால் ஒரு மரக் கதவு. அதன் பின்னால் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி பண்ணைக்காரர் நின்றார்.

"இதுக்கு முன்னாடி இருந்த எல்லா டாக்டரும் அடிவாரத்துக் கடையில நிப்பாங்க, நான்தான் போய்க் கூட்டிட்டு வருவேன். இந்த வாசலுக்குத் தானா வந்து சேர்ந்த முதல் டாக்டர் நீங்கதாம்மா" என்றார் அவர்.

அம்மா முழங்கைக்கு மேல் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு தொழுவத்துக்குள் போனாள். கன்றின் முன்னங்கால் ஒன்று மடங்கிக் கிடந்தது. அதை நேராக்கி, கன்றைப் பதமாக வெளியே இழுக்க அரை மணி நேரம் பிடித்தது. ஈரமும் வைக்கோலுமாக விழுந்த கன்று இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் குப்புற விழுந்தது. மூன்றாவது தடவை நாலு காலிலும் நின்று, தாயின் மடியைத் தேடிப் போனது. ரெட்டைச்சுழி ஆனந்தத்தில் தம்பியைத் தூக்கிச் சுற்றினாள்.

கை கழுவிவிட்டு வந்த அம்மா மகளின் தோளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடிதத்தை நாளைக்குக் கொடுக்கப் போறதில்ல. இந்த அறுபது பண்ணையும் எனக்குத்தான்" என்றாள்.

மலை இறங்கும்வரை அம்மா பாடிக்கொண்டே வண்டி ஓட்டினாள். சுருதி எங்கேயோ இருந்தது, பாட்டு எங்கேயோ இருந்தது. ரெட்டைச்சுழி ஒவ்வொரு பாட்டுக்கும் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.