இடது கால்

ஹால் தரையில் நாய் நகம் ஒன்று டிக்கென்று பட்டது. வீட்டிலிருந்த ஒரே நாயான ரூபியோ கூண்டுக்குள் படுத்திருந்தது. அடுப்படியிலிருந்து ஜோசபின் டீச்சர் ஓடிவந்து பார்த்தாள். ஹாலில் யாரும் இல்லை.

ரூபிக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள். தொடை எலும்பின் உருண்டை முனையை வெட்டி எடுத்துவிட்டார்கள். இனிமேல் சதைதான் மூட்டாகித் தாங்க வேண்டும், அதற்கு நாய் நடந்தே ஆக வேண்டும். அதுவோ இடது பின்னங்காலைத் தூக்கியே வைத்திருந்தது. ஜோசபின் கெஞ்சினாள், பன்னைக் காட்டினாள், முழந்தாளிட்டு ஜெபித்தும் பார்த்தாள். கணவர் ஆரோக்கியநாதன் போன பிறகு அந்த வீட்டில் அவளுக்கென்று இருப்பது இந்த நாய் ஒன்றுதான்.

நாய் டாக்டர் அருள்பாண்டியை மறுபடி போனில் பிடித்தாள்.

"இன்னைக்கும் கால ஊணலையா டீச்சர்? சதை வத்திப்போச்சுன்னா அப்புறம் என் கையில இல்ல. கூண்டத் தெறந்து விடுங்க."

"மாட்டேங்குதே தம்பி. நானும் எம்புட்டுத்தான் கெஞ்சுறது?"

ஆபரேஷன் முடிந்து டாக்டரிடம் கேட்டு வாங்கிவந்த அந்த எலும்பைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. போன வாரம் கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போனபோது, கணவரின் இடதுபுறமாகத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள். ரூபி அவர் வளர்த்த செல்லம். அவருக்கும் அந்தப் பக்கம் காலியாகத்தான் கிடந்தது. சர்க்கரையில் இடது காலை எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் காலோடு எப்படி உயிர்த்தெழுவார் என்ற கவலை அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

இன்று கல்லறைத் திருநாள். ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போனது. நாயை விட்டுவிட்டு அவள் போகவில்லை.

பொழுது சாயும்போது மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போக, திருப்பரங்குன்றத்து மலை ஜன்னலில் கறுத்துக் கரைய, சன்னமாக ஒரு வாடை வீட்டுக்குள் வந்தது, ஈர மண்ணும் புதுச் சுண்ணாம்பும் கலந்த வாடை. ஜோசபின் கூண்டைத் திறந்தாள்.

வாசல் பக்கம் தொம்மென்று ஒரு சத்தம்.

பிறகு, டிக்.

தொம். டிக்.

ரூபி காதை விறைத்தது. வாலை ஆட்டியது. எழுந்தது. இடது காலை ஊன்றியது.

"ஆண்டவரே!" அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. நாய் நொண்டாமல் வாசலை நோக்கி நடந்தது.

தொம். டிக். இப்போது ஹாலுக்குள்.

"ரூபி, போகாத. நடக்க வேணாம் ரூபி. வந்துரு."

நாய் திரும்பவில்லை. யாரோ தடவிக்கொடுப்பது மாதிரி தலையை மேலே தூக்கிக் கண்களை மூடியது.

செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தாள். வாசலிலிருந்து சேற்றுத் தடம். வலது பக்கம், ஐந்து விரலும் பதிந்த ஓர் ஆணின் பாதம். இடது பக்கம், சின்ன நாய்ப் பாதம்.

அவள் பார்க்கப் பார்க்க, அடுத்த தடம் அவளை நோக்கிப் பதிந்தது.