வெளியே போட்ட தரை

விளையாட்டுக்குள் அவள் அசையாமல் நின்ற பிறகும் காலடி ஓசை நிற்கவில்லை.

முதலில் அதைத் தன் காலடி என்றுதான் நினைத்தாள். திரையின் அடியில் துப்பாக்கியின் நுனி மட்டும் தெரியும் ஆட்டம் அது. ஆடுகிறவருக்கு உடல் கிடையாது, முகம் கிடையாது. நடந்தால் கேட்கும் பூட்ஸ் சத்தம் ஒன்றுதான் அங்கே ஆள் இருப்பதற்கு அடையாளம். விசையிலிருந்து விரலை எடுத்தால் அதுவும் நின்றுவிட வேண்டும். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். டக். டக். டக். அவசரமில்லாத நடை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சுவருக்கு அந்தப் பக்கம் என்று ஒன்றும் கிடையாது. ஏழாவது கட்டத்தின் சுவர்களை ஒவ்வொன்றாக நிறுத்தியவளே அவள்தான்.

முப்பது வருடத்துக்கு முந்தைய அந்த விளையாட்டை அலுவலகத்தில் எல்லோரும் பழசு என்பார்கள். அதன் கதைப்பகுதியை, ஒற்றை ஆளாக உள்ளே நுழைந்து பன்னிரண்டு கட்டங்களைச் சுட்டுக் கடந்து வெளியேறும் அந்தப் பகுதியை, இன்றைய கணினிகளுக்காக மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அது புதுசு. பழசைச் செய்தவர்கள் ஐந்தாறு பேர். வேறெதுவும் தோன்றாத ஒரு வாரத்தில் தங்கள் அலுவலகத் தளத்தையே அளந்து ஏழாவது கட்டமாக வரைந்துவிட்டார்களாம். இது தெரிந்ததும் முதலாளி, விளம்பரத்துக்கு ஆகும் என்று அதே கட்டடத்தில் அதே தளத்தை வாடகைக்குப் பிடித்தார். காலையில் லிஃப்டை விட்டு இறங்கும்போது யாராவது ஒருவர் துப்பாக்கி பிடிப்பதுபோல் கையை நீட்டிக்கொண்டு எதிரே வருவார். மூன்று மாதமாகியும் அந்தச் சிரிப்பு மட்டும் சாகவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தளத்தில் யாரும் இல்லை. அவள் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. நாலு சுவரிலும் முட்டைத் தட்டு போலக் குழிகுழியாய்க் கறுப்பு ஸ்பாஞ்சு, அதை ஒட்டிய பசையின் புளித்த வாடை, ஒரு சாண் தடிமனில் ஒரே ஒரு கதவு. அதைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. காதுக்குள் தன் ரத்தம் ஓடுவதுதான் கேட்கும். ஏழாவது கட்டத்தின் கடைசியிலும் இதே அறை வருகிறது. ஒரே வித்தியாசம், விளையாட்டில் அந்தக் கதவு வெறும் படம். சுவரில் தீட்டிய கதவு, திறக்காது. அதற்கு வெளியே இருக்கும் நடைபாதையைப் பழசுக்காரர்கள் வரையவே இல்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். ஓசை இல்லை. மாட்டினாள். டக். டக்.

காரணம் தெரிந்ததுபோலத்தான் இருந்தது. அதுதான் வெட்கமாகவும் இருந்தது.

ஒரு கட்டத்தின் சுவர்கள் இடைவெளியே இல்லாமல் பொருந்த வேண்டும். மயிரிழை ஓட்டை இருந்தாலும் கணினி அதை விளையாட்டாகக் கட்டித் தராது, பில்டு பாதியில் நின்றுவிடும். ஓட்டைக்கு வெளியே இருப்பது இருட்டுகூட இல்லை. அங்கே வரைய ஒன்றுமே இல்லாததால், கடைசியாக வரைந்த படத்தையே இயந்திரம் திரும்பத் திரும்ப அப்பிக்கொண்டு போகும், காயாத பெயின்டில் கை பட்டு இழுபட்டதுபோல. வெள்ளிக்கிழமை ஒன்பது மணி நேரம் அவள் அந்த ஓட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. கடைசியில், இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லோரும் செய்து திட்டு வாங்கும் காரியத்தைச் செய்தாள். முழுக் கட்டத்தையும் சுற்றி ஒரு பெரிய பெட்டியைப் போட்டு மூடிவிட்டாள். நாலு சுவர், கூரை, தரை. பில்டு ஓடிவிட்டது. திங்கள் காலை குழுத் தலைவர் கண்ணில் படுவதற்குள் ஓட்டையைக் கண்டுபிடித்துப் பெட்டியை எடுத்துவிட வேண்டும். நாலு மணிக்கு அக்கா வந்துவிடுவாள். இரண்டு பேருமாகப் போய் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். இப்போது மூன்று பத்து.

கொசுவுக்கு ஃபோன் போட்டாள். கொசு, விளையாட்டின் உள்வேலை பார்க்கும் புரோகிராமர். காதருகே ஓயாமல் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர்.

"ஞாயித்துக்கிழமையுமா? உனக்கு வீடு வாசல் ஒண்ணும் கிடையாதா?"

"டேய், ஏழுல சுவத்துக்கு வெளிய யாரோ நடக்கற சத்தம் கேக்குதுடா."

"அட, நம்ம நாப்பத்தி நாலு!" அவன் குரலில் இருந்த தூக்கம் போய்விட்டது.

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும், இருக்கும் எதிரிகளில் எத்தனை பேரைக் கொன்றோம் என்று திரையில் எண் வரும். ஏழாவதில் மட்டும் யார் ஆடினாலும் 43/44. அந்த ஒருவனை முப்பது வருடமாக உலகமே தேடிக்கொண்டிருந்தது.

"போன மாசமே பழைய ஃபைலைத் தோண்டிப் பாத்துட்டேன்," என்றான் கொசு. "அது கட்டத்துக்கு வெளிய நிக்குது. நிக்குதுன்னுகூட சொல்லக் கூடாது. தரை இல்லையே, தொங்குது. நடக்கறதுக்குத் தயாராத்தான் இருக்கு, கால் வைக்க இடம் வேணுமே, பாவம்."

"தப்பா வெச்சுட்டாங்களா?"

"இல்ல. உள்ளதான் வெச்சிருந்திருக்காங்க, அப்புறம் வெளிய தூக்கிப் போட்டிருக்காங்க. எதுக்குன்னு எழுதி வைக்கல. ஒரே ஒரு படம்தான் அதுக்கு. முதுகு. மூஞ்சியே வரையல. ஆமா, அது எப்படி இப்ப நடக்குது? நீ பெட்டி கிட்டி போட்டு மூடலையே?"

"சீ. என்னை என்னன்னு நெனச்ச?"

"அதானே. உன்னைப் போய்..." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அவள் திரையில் சுவர்களை மறைக்கும் விசையைத் தட்டினாள். அறைகளும் கூடங்களும் கண்ணாடிபோல ஆகி, அவற்றைச் சுற்றி அவள் வெள்ளிக்கிழமை போட்ட தரை, ஒரு நிறமும் இல்லாத வெறும் தரை, நாலு பக்கமும் விரிந்து கிடந்தது. அதன் மேல், லிஃப்ட் இருக்க வேண்டிய மூலையில், சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு முதுகு நின்றிருந்தது. பழசில் எதிரிகள் எல்லாமே இப்படித் தட்டையான படங்கள்தான். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே படம் நம் பக்கம் திரும்பிக்கொள்ளும். அவள் பார்வையை அதன் இடப்பக்கம் கொண்டுபோனாள். முதுகு. வலப்பக்கம். முதுகு. முகம் இருக்க வேண்டிய பக்கத்துக்கே போய் நின்றாள். கழுத்துக்கு மேல் ஒட்ட வெட்டிய தலைமுடி, காலரின் மடிப்பு, முதுகு.

அது வந்துகொண்டிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே, பின்னால் பின்னால் கால் வைத்து, பெரிதாகிக்கொண்டே, தீட்டிய கதவு இருக்கும் சுவரை நோக்கி.

போதும். ஓட்டை கிடைக்காவிட்டால் போகிறது, தலைவரிடம் திட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பெட்டியை முதலில் எடுத்துவிட வேண்டும். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

டக். டக். டக்.

ஓசை ஹெட்ஃபோனில் இல்லை.

அவள் நாற்காலியைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு ஸ்பாஞ்சு. கதவு. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. இந்த அறைக்குள் வெளிச் சத்தம் வராது. வரவே வராது. கதவுக்கு அந்தப் பக்கம், உண்மையான நடைபாதையில், அவசரமில்லாமல், டக். டக்.

எழுந்து போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். பிடிக்க முடியவில்லை. கைப்பிடி கண்ணுக்கு வெள்ளியாய்ப் பளபளத்தது. உள்ளங்கைக்குச் சுவர்போல வழவழவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினாள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடுக்கு இல்லை. கீழே, தரையோரம், குனிந்து தடவினாள். இடுக்கு இல்லை.

தீட்டிய கதவு.

ஃபோன் அதிர்ந்தது. அக்கா.

"எங்கடி இருக்க? சீக்கிரமே டிஸ்சார்ஜ் சீட்டு குடுத்துட்டாங்க. அம்மா செருப்பெல்லாம் போட்டுட்டு ரெடியா ஒக்காந்திருக்கா, நர்ஸையே விரட்டறா."

"அக்கா, நீ கீழயே இரு. மேல வராத."

"வந்தாச்சே. பாத்ரூம் வேற போகணும். துப்பாக்கி நீட்டுவாங்கன்னு சொன்னியே, லிஃப்டுல ஒருத்தனையும் காணோம், ஏமாத்தமாப் போச்சு. ஃபிளாஸ்க் வேற தோளை அறுக்குது. எந்த ரூம்டி?"

"அக்கா, திரும்பி லிஃப்டுக்குப் போ. தயவுசெஞ்சு போ."

"ஒலிப்பதிவுன்னு போட்டிருக்கே, இதானே? திற." ஃபோனுக்குள் மூன்று தட்டு கேட்டது. கதவு அவள் கைக்கெட்டும் தூரத்தில் சத்தமே இல்லாமல் இருந்தது. "தட்டறேன், கேக்கலையா?"

தட்டிய சத்தத்துக்குப் பின்னால், அதே ஃபோனுக்குள், டக். டக்.

"யாருடி அது?" அக்கா குரலைத் தாழ்த்தினாள். "உங்க ஆபீஸ் ஆளா? அந்தக் கோடியில ஒருத்தர் முதுகைக் காட்டிட்டு நிக்கறாரு."

"அவரைப் பாக்காத. லிஃப்டுக்குப் போக்கா."

"லிஃப்டுகிட்டதான்டி நிக்கறாரு." ஒரு மூச்சு. "என்ன இது, பின்னாடியே நடந்து வராரு. எல்லாரும் ஒரே பைத்தியமா உங்க ஆபீஸ்ல? ஹலோ சார், பாத்து..."

அவள் மேஜைக்கு ஓடினாள். பெட்டி. ஆறு பக்கம். தேர்ந்தெடு. அழி. ஓட்டை இருந்தாலும் ஓடு என்று ஒரு குறுக்குக் கட்டளை உண்டு, யாரும் பயன்படுத்தக் கூடாதது, அதையும் கொடுத்தாள். பில்டு தொடங்கியது. திரையின் அடியில் பச்சைக் கோடு எறும்புபோல ஊர்ந்தது. தரை போனால் அது நடக்காது. முப்பது வருடம் நடக்காமல்தானே இருந்தது. கால் வைக்க இடமில்லாமல்.

"கதவைத் திறடி." அக்காவின் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "சீக்கிரம் திற."

"ஒரு நிமிஷம்க்கா. ஒரே நிமிஷம்."

"கிட்ட வந்துட்டாரு."

பாதி.

டக். டக்.

"திறடி, திறடி, திறடி..." தட்டல். தட்டல். தட்டல்.

முக்கால்.

"அம்மாடி, இவருக்கு..."

கோடு முடிந்தது.

காலடி நின்றது. சுவருக்குப் பின்னாலும் நின்றது, ஃபோனிலும் நின்றது. அறையில் அவள் ரத்தத்தின் இரைச்சல் மட்டும். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கதவுக்குப் போனாள். கைப்பிடி கைக்குள் வந்தது, குளிர்ந்த, கனமான, உண்மையான இரும்பு. திருகினாள். திறந்தது.

"அக்கா..."

நடைபாதை இல்லை. இருட்டும் இல்லை. தட்டுவதற்காக ஓங்கிய ஒரு கை இருந்தது, மணிக்கட்டில் மூன்று வளையல். அதை ஒட்டி அதே கை. அதை ஒட்டி அதே கை. மேலே, பக்கத்தில், அவள் நின்ற வாசற்படிக்குக் கீழே, கண் போகும் ஆழம் வரை, ஒன்றின் மேல் ஒன்று அப்பி இழுபட்டு, ஓங்கிய அதே கை.

கால் வைக்கத் தரை இல்லை.

அக்காவும் அந்தப் பெட்டியின் தரையில்தான் நின்றிருந்தாள். இப்போதுதான் அது உறைத்தது.

சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். யாரும் ஆடாமலே திரையில் எண் வந்து நின்றிருந்தது. 43/45.

விரல் தானாகவே போய்ச் சுவர்களை மறைக்கும் விசையைத் தட்டியது. கட்டத்துக்கு வெளியே இரண்டு பேர் தொங்கினார்கள். ஒரு சாம்பல் நிறக் கோட்டு முதுகு. அதன் பக்கத்தில், ஒரு கை அகலம்கூட இடைவெளி இல்லாமல், தோள்பையிலிருந்து ஃபிளாஸ்க் எட்டிப் பார்க்க, ஒரு பல் உடைந்த கிளிப்பில் அள்ளிச் சொருகிய கொண்டையோடு இன்னொரு முதுகு. பெட்டியைத் திரும்பப் போட்டால் தரை வந்துவிடும். இரண்டு பேருக்கும்.

ஃபோனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. இணைப்பு அறுபடவில்லை.

"திறந்துட்டியாடி?" அக்கா மெதுவாகக் கேட்டாள். கோபம் இல்லை, பயம்கூட இல்லை. "எனக்கு எதிர்ல ஒண்ணுமே இல்லையே. நீ எந்தப் பக்கம் நிக்கற?"

அவள் பார்வையை அக்காவின் இடப்பக்கம் கொண்டுபோனாள். முதுகு. வலப்பக்கம். முதுகு. சுற்றி வந்து, முகம் இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் எதிரே, மிக நெருங்கிப் போய் நின்றாள்.

உடைந்த கிளிப். கொண்டை. முதுகு.