இரண்டு மூச்சு உனக்கு

மூழ்கிக் கிடக்கும் சரக்குக் கப்பலுக்கு நேர் மேலே எங்கள் படகு வந்து நின்றபோது வானத்தில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. இஞ்சின் அடங்கியதும் டீசல் நாற்றம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. என் மனைவி கடலில் மூழ்கும்போது போடும் முகக்கண்ணாடியைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரவில் கடலடி உயிர்களைப் படமெடுப்பது என் தொழில். படமெடுக்கும்போது எனக்கு டார்ச் பிடித்தவன் அவளுடைய தம்பி. ஊதினால் பறந்துவிடுவான் போலிருப்பான், அதனால் நெத்திலி என்று கூப்பிடுவேன். போன வருடம் வேறொரு குழுவோடு வந்தவன், இந்தக் கப்பலுக்குள் கிழிந்த வலையில் சிக்கி, காற்று தீர்ந்து இறந்துபோனான். மறுநாள் தேடிப் போனவர்களுக்கு வலைதான் கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. அதன்பிறகு அவள் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இன்று அவளாகவே கிளம்பியதும் நானும் கூடவே வந்தேன்.

"ஒரு தடவை பாத்துட்டு வந்துட்டா மனசு ஆறிடும்," என்றாள்.

"நீ திரும்பி வந்தாப் போதும் எனக்கு," என்றேன்.

அக்காவும் தம்பியும் ஒன்றாக மூழ்கக் கற்றவர்கள். ஒருவருக்குக் காற்று தீர்ந்துவிட்டால் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ஒரே ரெகுலேட்டரை மாற்றி மாற்றிக் கவ்வி மூச்சிழுப்பது பழைய வழக்கம். இரண்டு மூச்சு உனக்கு, இரண்டு மூச்சு எனக்கு. இப்போது ஆளுக்கொன்று உபரியாக இருப்பதால் அதை யாரும் பழகுவதில்லை. இவர்கள் மட்டும் நீச்சல் குளத்தில் அதையே விளையாட்டாக்கி, தலையை வெளியே நீட்டியதும் சண்டை போடுவார்கள்.

"மாமா, அக்கா மூணு இழுத்துட்டா! என்னன்னு கேளுங்க!"

படகுக்காரர் அவளுடைய சிலிண்டரின் வாரை இறுக்கிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "யாராச்சும் லைட்ட வட்டமா சுத்தி நல்லா இருக்கியான்னு கேட்டா, யாருன்னு பாத்துட்டு பதில் சுத்தும்மா. பதில் சொல்லிட்டா நீ அவனுக்கு ஜோடி. ஜோடிய விட்டுட்டு மேல வரக்கூடாது."

கீழே போகப் போக என் மூச்சின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. துருப்பிடித்த சுவரோரம் ஒரு கிளிமீன், தன் எச்சிலாலேயே கண்ணாடிப் பை போல ஒரு கூடு கட்டி, அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். தம்பி பிடிக்கும் அதே கோணம். நான் படமெடுத்தேன்.

அப்போது கப்பலின் உள்ளறையில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

அது மெதுவாக ஒரு வட்டம் போட்டது.

அன்று அங்கே எங்கள் இருவரைத் தவிர யாரும் மூழ்கவில்லை.

நான் அவள் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டினேன். முகக்கண்ணாடிக்குள் அவள் கண்கள் சிரித்தன. கையை உருவிக்கொண்டு டார்ச்சைச் சுழற்றினாள்.

பெரிய, நிதானமான வட்டம்.

உள்ளே வெளிச்சம் அணைந்தது.

மேலே ஏறத் தொடங்கியபோது அவளுடைய சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று இருந்தது. பாதி வழியில் பார்த்தால் காற்றளவு காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. பதறிப்போய் என் உபரி ரெகுலேட்டரை அவள் வாயில் வைத்தேன். ஒரு கையால் அவள் வாரைப் பற்றிக்கொண்டே மேலே வந்தேன்.

நாங்கள் விடும் குமிழிகளை விளக்கடித்துப் பார்த்துத்தான் படகுக்காரர் பின்தொடர்வார். எங்களை ஏற்றிவிட்ட பிறகும் அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருதானே போனீங்க? மூணு இடத்துல குமிழி வந்துச்சு."

அவள் சிரித்தாள். ஒரு வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "ஜோடிய விட்டுட்டு வரக்கூடாதுன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. மூழ்கும் சாமான்கள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிவைத்திருந்தும் படுக்கையறையில் ரப்பரும் உப்பும் கலந்த வாடை.

அவள் இரண்டு முறை மூச்சிழுத்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

எழுந்து உட்கார்ந்தேன். உலுக்கினேன். கன்னத்தில் தட்டினேன். உடல் சில்லென்றிருந்தது, உதடுகள் மட்டும் லேசாகப் பிரிந்து காத்திருந்தன.

அவளுக்கு அந்தப் பக்கம், காலியான தலையணையிலிருந்து, யாரோ மூச்சிழுத்தார்கள். தண்ணீருக்கடியில் கேட்கும் அதே இரைச்சல்.

இரண்டு முறை.

பிறகு அவள் இரண்டு. பிறகு அங்கே இரண்டு.

"டேய் நெத்திலி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "எனக்கு அவள விட்டா யாருடா இருக்கா? போதும்டா. போயிடுடா கண்ணா."

அறை அமைதியானது. அவள் இரண்டு முறை இழுத்து நிறுத்தினாள்.

தலையணையிலிருந்து ஒன்று.

இரண்டு.

அடுத்தது அவள் முறை. அவள் மூக்கருகே விரலை வைத்துக் காத்திருந்தேன்.

மூன்றாவது மூச்சும் தலையணையிலிருந்துதான் வந்தது.