இரண்டாவது கியரைக் கெடுத்தது யார்?

பெர்சியின் காரில் இரண்டாவது கியர் காணாமல் போனது ஒரு சனிக்கிழமை காலையில். செல்லூர்ச் சந்துக்குள், காய்கறி வண்டிக்காரர் கண்ணெதிரே, கர்ரென்று ஒரு சத்தம். கியர் விழவில்லை. முதல் கியரிலேயே வண்டியை உருட்டி வீட்டுக் கேட்டுக்குள் கொண்டுவந்தவள், ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள்.

அழுகைக்குக் காரணம் இருந்தது. டி. கல்லுப்பட்டிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளைத் தலைமையாசிரியையாகக் கூப்பிட்டிருந்தார்கள். வருகிறாளா இல்லையா என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். பஸ் மாறி மாறிப் போய்வந்தால், வீட்டில் தனியாக இருக்கும் அப்பா லூர்துராஜின் முகத்தை ராத்திரியில்தான் பார்க்க முடியும். அதற்காகத்தான் இந்தப் பழைய கார். மெக்கானிக் பரீத் தேடி அலைந்து வாங்கிக் கொடுத்தது. காலையில் கொஞ்ச நேரம் கியர் லேசில் விழாமல் முறுக்கும். மற்றபடி போன வியாழன் வரை ஒரு குறையும் இல்லை.

"வண்டில ஒண்ணுமில்லடி. எனக்குத்தான் ஓட்ட வரல. வேலைக்கு வரலன்னு சொல்லிரப் போறேன்," என்று போனில் விசும்பினாள் பெர்சி.

"வாய மூடிக்கிட்டு இரு. வாரேன்," என்றாள் ஹுமா.

ஹுமா பெர்சியோடு படித்தவள். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைச் சோதித்து, யார் சொல்வது பொய் என்று கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. சுரிதாரோடு காருக்கு அடியில் படுக்கக் கூச்சப்படாதவள்.

வந்ததும் ஓட்டிப் பார்த்தாள். அவள் கைக்கும் கர்ரென்றது.

"கேட்டியா? இப்ப எனக்கும் ஓட்டத் தெரியாதுன்னு சொல்லுவியா?"

லூர்துராஜ் காபி கொண்டுவந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டம்ளரை நீட்டிய விரலில் வெள்ளி மோதிரம் கறுத்துக் கிடந்தது.

"என்னப்பா, மோதிரத்த பளபளன்னுல்ல வச்சிருப்பீங்க?" என்றாள் ஹுமா.

"எனக்கும் அதுக்கும் வயசாயிருச்சும்மா," என்று சிரித்துவிட்டு நகர்ந்தார்.

அதற்குள், பெர்சி போன் போட்டிருந்த பரீத் சாமான் பையோடு வந்துவிட்டார். ஹுமா விசாரணையை ஆரம்பித்தாள்.

"வண்டிய கடைசியா தொட்டது யாரு?"

"நான்தான். வண்டியக் குடுக்குறப்ப கியர் ஆயில் மாத்துனேன்."

"என்ன ஆயில்?"

"வண்டி புக்குல போட்டிருக்கிறதுதான். ஜிஎல் ஃபோர். மிச்சம் இந்தா டப்பால இருக்கு."

"அதுக்கப்புறம்?"

"அல்லா மேல ஆணையா தொடல."

ஹுமா பெர்சியிடம் திரும்பினாள். "சாவி?"

"என் கைப்பையிலதான். வேற யாரும் கதவத் திறந்திருக்க முடியாது."

ஹுமா காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தாள். பரீத் தான் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். போல்ட்டிலும் கியர் பெட்டியிலும் சேர்ந்தாற்போல. அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆயில இறக்குங்க," என்றாள்.

தட்டில் விழுந்தது கெட்டியாக, குப்பென்று கந்தக நாற்றத்தோடு வந்தது. டப்பாவிலிருந்த மிச்சமோ தேன் நிறம். அந்த நாற்றமும் இல்லை.

"உங்கள நம்பித்தானே வாங்குனேன், பரீத்தண்ணே?" என்றாள் பெர்சி.

பரீத் முகம் செத்துப்போயிற்று. செல்லூரில் ஒரு மெக்கானிக்கின் பெயர் கெட, ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

"அவன ஒண்ணும் சொல்லாத. தங்கமான பையன்," என்று லூர்துராஜ் அவசரமாகக் குறுக்கே விழுந்தார்.

"ஆமா, அவர் இல்ல," என்றாள் ஹுமா. "அவர் போட்ட கோடு நேரா நிக்கணும். இப்ப போல்ட்டுல ஒரு பக்கம், பெட்டில ஒரு பக்கம் நிக்குது. அவருக்குப் பிறகு யாரோ கழட்டி முடுக்கியிருக்காங்க."

"சாவி என்கிட்டல்ல இருக்கு?"

"அங்கதான் நீ கோட்டை விட்ட. கியர் ஆயில் மாத்த சாவியும் வேணாம், பானெட்டும் வேணாம். அடியில படுத்தாப் போதும். ஸ்பானர் பிடிச்சுப் பழகின கை. இந்தக் கேட்டுக்குள்ளயே இருக்கிற கை." ஹுமாவின் குரல் தணிந்தது. "இந்த ஆயில்ல இருக்கிற கந்தகம் வெள்ளியக் கறுக்க வச்சிரும். மோதிரத்தக் கழட்டி வச்சுட்டு செஞ்சிருக்கலாம்லப்பா?"

லூர்துராஜ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வியாழக்கிழம சாயந்தரம் நீ மாதா கோயிலுக்கு நடந்து போயிருந்தப்பதான் பெர்சி. அன்னைக்குக் காலைல கியர் முறுக்குதுன்னு அம்புட்டு பயந்துக்கிட்டுக் கிளம்புன. ஜிஎல் ஃபைவ், எங்க பஸ்ஸோட பின்சக்கரத்தச் சுத்துற கிரவுன் பல்சக்கரத்தத் தாங்குன ஆயில். நாலை விட அஞ்சு ஒசத்திதானேன்னு ஊத்திப்புட்டேன்."

"கிரவுனுக்கு ஒசத்திதாண்ணே," என்றார் பரீத். "இந்த கியர்பாக்ஸ்ல பித்தளை வளையம் இருக்கு. அது பிடிச்சாத்தான் கியர் விழும். இந்த ஆயில்ல வழுக்கிரும். விட்டுவச்சா அரிச்சும்போடும். ரெண்டு நாள்தானே, ஒண்ணும் ஆகியிருக்காது."

"காலைலயே சொல்லியிருக்கலாம்லப்பா?" என்றாள் பெர்சி.

"சொல்லத்தான் வந்தேன். நீ அழுதுக்கிட்டிருந்த. சொல்ல வாய் வரல." பரீத்தைப் பார்த்துக் கைகூப்பப் போனார். பரீத் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். பெர்சியும் பரீத்திடம் மன்னிப்புக் கேட்டாள்.

அப்பா மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. இந்த வயதில், அவள் பயத்தைப் போக்க, காருக்கு அடியில் போய் முதுகைத் தரையில் தேய்த்திருக்கிறாரே என்று படியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மதியத்துக்குள் பரீத் சரியான ஆயிலை ஊற்றினார். பெர்சி வைகைக் கரை வரை ஓட்டிப்போய்த் திரும்பினாள். இரண்டாவது கியர் சொன்ன பேச்சைக் கேட்டது. இறங்கியதும் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, "வாரேன் சிஸ்டர்," என்றாள்.

பிறகு அப்பாவிடம் வந்தாள். "திங்கக்கிழம முதல் நாள். நீங்களும் கூட வாங்கப்பா."

"நானா? பக்கத்துல உக்காந்தா என் கால் சும்மா இருக்காதும்மா. பிரேக்க மிதிச்சுக்கிட்டே வருவேன்."

"மிதிங்கப்பா," என்றாள் பெர்சி. "அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது."