மூன்று உயிரும் ஒரே சந்தில்

சனிக்கிழமை, காலை 11.50.

"தாளைக் காணோம்."

நில அளவையர் சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டு, விளையாட்டுக் கூடத்தின் பின்னறையில் ஆணியில் மாட்டியிருந்த தன் தோல்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். மூக்குக்கண்ணாடிக் கூடு, அளவு நாடா, இரண்டு பென்சில், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் எல்லாம் விழுந்தன. நான்காக மடித்த மஞ்சள் தாள் மட்டும் விழவே இல்லை.

கூடத்தின் முதலாளியம்மா அறைக் கதவைச் சாத்தினார். உள்ளே இன்னொருத்தியும் இருந்தாள்: பல் டாக்டர், அளவையரின் ஒரே தங்கை. அண்ணன் கலங்கி நிற்பதைப் பார்த்ததும் அவள் நெஞ்சில் முதலில் ஓடியது ஒரு சின்னக் குளிர்ச்சி. இரக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அது அழகில்லை என்று அவளுக்கே தெரியும்.

விஷயம் இதுதான். கூடத்தின் மூலையில் ஒரு பழைய மெஷின். திரையில் சந்தும் பொந்துமாக ஒரு பாதைக்கூட்டம். அதில் வாயை ஆவென்று திறந்துகொண்டு ஓடும் ஒரு வட்டமுகம், துரத்தும் நான்கு பேய்கள். பேயிடம் சிக்காமல் எல்லாப் புள்ளியையும் தின்றால் அடுத்த கட்டம். மூன்று உயிரும் போனால் ஆட்டம் முடிந்தது. எல்லோரும் அதை 'வாயன்' என்பார்கள். வருஷத்துக்கு ஒரு போட்டி. மார்க் வரிசைப்படி பெயர்கள் சுவர்ப் பலகையில் ஏறும். ஆறு வருஷமாக முதல் வரியில் அண்ணன், இரண்டாவதில் தங்கை, மூன்றாவதில் டிரைவிங் மாஸ்டர். போன வருஷம் அண்ணனுக்கும் தங்கைக்கும் வித்தியாசம் பத்து மார்க். திரையில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை நினைத்துக்கொண்டு அவள் எத்தனை பல்லைப் பிடுங்கினாள் என்பது அவளுடைய நோயாளிகளுக்குத்தான் வெளிச்சம்.

இருபத்தொன்றாம் கட்டத்தை மட்டும் இதுவரை யாரும் தாண்டவில்லை. அதில் கீழ் மூலைக்குப் பக்கத்தில் ஒரு நாற்சந்தி. அங்கே வந்ததும் நான்கு பேயும் மொய்த்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் எல்லோர் முன்னாலும், "வழி கிடைச்சாச்சு" என்று அறிவித்தார். மாஸ்டரிடமே அவருடைய கட்டிலிருந்து ஒரு மஞ்சள் தாள் வாங்கி, தன் சுருக்கெழுத்தில் ஒரே வரி எழுதி, மடித்துப் பைக்குள் போட்டார். கண்டுபிடித்ததை எழுதி வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சனிக்கிழமை பத்து மணிக்கு முதலாளியம்மா மெஷினுக்கு உறை போட்டுப் பூட்டினார். போட்டி வரை யாரும் பழகக் கூடாது என்பது கூடத்தின் சட்டம்.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்றார் முதலாளியம்மா.

"பதினொன்னேகாலுக்கு. பை அந்தத் தெற்குச் சுவர்ல தொங்கிச்சு. கண்ணாடி எடுக்கத் திறந்தேன். மடிச்ச தாள் இருந்துச்சு."

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? எனக்கு மனப்பாடம்."

"மாஸ்டர் எங்கே?"

"எதிர் சலூன்ல. பதினொன்னு அஞ்சுக்கே முடி வெட்டிக்கப் போயிட்டாரு. இங்கேயிருந்தே தெரியுதே, பாருங்க."

தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கழுத்தில் வெள்ளைத் துணியோடு மாஸ்டர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருந்தார்.

"அப்போ பதினொன்னேகாலுக்கு அப்புறம் இந்த ரூமுக்குள்ள வந்தது..."

முதலாளியம்மா வாக்கியத்தை முடிக்கவில்லை. இரண்டு பேரும் தங்கையைப் பார்த்தார்கள்.

"பாப்பா, எடுத்திருந்தா குடுத்துடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணன்.

நாற்பத்தொரு வயசில் பாப்பா! நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"நான் திருடலை."

"சந்தேகம் தீர்ற வரைக்கும் நீங்க மெஷின்ல கை வைக்கக் கூடாது, டாக்டரம்மா. நாளைக்கு உங்க முறை நாலு மணிக்கு. அதுக்குள்ள யாருன்னு தெரியணும். இல்லேன்னா பலகையில இருந்து உங்க பேரை எடுத்துடுவேன்" என்றார் முதலாளியம்மா.

பகல் 12.30.

தன் கிளினிக்கில் கதவைத் தாழ்போட்டுவிட்டு, டாக்டர் கைப்பையிலிருந்து நான்காக மடித்த மஞ்சள் தாளை எடுத்தாள்.

ஆமாம், பைக்குள் கைவிட்டவள் அவள்தான். பதினொன்றரைக்கு அறையில் தனியாக இருந்த ஒரு நிமிஷத்தில், கை அவளைக் கேட்காமலே போய்விட்டது. கழிவறையில் போய்ப் பிரித்தால் முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. வெறும் தாள்.

அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தாள். தங்கை திருடுவாள் என்று அண்ணன் எதிர்பார்த்திருக்கிறார். நிஜத் தாளை ஒளித்துவிட்டு அவளுக்கென்றே ஒரு வெற்றுத் தாளை மடித்து வைத்திருக்கிறார். இப்போது காணோம் என்று நாடகமும் ஆடுகிறார். சின்ன வயதில் சதுரங்கத்தில் ராணியைத் தூண்டிலாக நீட்டுவாரே, அதே புத்தி. அவமானத்தில் காது சுட்டது. தாளைத் திருப்பி வைக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை, பகல் 1.25.

முதல் ஆட்டம் மாஸ்டருடையது. உட்காருவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் வந்தது.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துடுங்கம்மா. இன்னிக்கு மாதிரி வலதுன்னா இடது பக்கம் திருப்பாதீங்க. மேட்டுல மேலே ஏத்தறப்போ பயப்படக் கூடாது, கீழே இறங்கறப்போ பார்த்துக்கலாம்."

பேசிக்கொண்டே தன் மஞ்சள் தாள்கட்டில் நேரத்தைக் குறித்து, சர்ரென்று கிழித்து, கட்டோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்தார். ஊசித்துளை வரிசையில் அழகாகக் கிழிந்து வந்தது.

அண்ணன் டீ குடிக்க வெளியே போய்விட்டார். மற்றவர் ஆட்டத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. முதலிடத்தில் இருப்பவருக்குப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? இரண்டாவதாக இருப்பவள்தான் பார்க்க வேண்டும். ஆறு வருஷமாக அவள் எல்லோர் கையையும் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள். மாஸ்டரின் கை அவளுக்கு அத்துப்படி. பேய் நெருங்கினால் வலது பக்கம் ஓடுவார். ஒருநாளும் மேலே ஏற மாட்டார்.

2.40.

இருபத்தொன்றாம் கட்டம். கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நாற்சந்தி வந்தது. மாஸ்டரின் கை மேலே போனது. பிறகு வலது. பிறகு கீழே. சிவப்புப் பேய் வாயனை அப்படியே அமுக்கியது.

இரண்டாவது உயிர். மறுபடி அதே நாற்சந்தி. மேலே, வலது, கீழே. அமுக்கியது.

மூன்றாவது உயிர். மேலே, வலது, கீழே.

"கை வழுக்கிடுச்சு" என்று சிரித்தபடி எழுந்தார் மாஸ்டர். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

டாக்டர் மட்டும் அசையவில்லை. ஒருமுறை என்றால் கை வழுக்கும். ஒரே சந்தில், ஒரே வரிசையில், மூன்றுமுறை வழுக்குமா?

மேலே, வலது, கீழே. அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். முதல் எழுத்துகளை மட்டும் சொல்லிப் பார்த்தாள். நேரே முதலாளியம்மாவிடம் போனாள்.

3.35. பின்னறை.

நான்கு பேரும் இருந்தார்கள். முதலாளியம்மா கடிகாரத்துக்குக் கீழே நின்றார்.

"அண்ணா, அந்தத் தாள்ல நீ எழுதின வரியை நான் சொல்லட்டுமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மே, வ, கி. மூணே எழுத்து."

அண்ணனின் முகம் வெளுத்தது. "அப்போ நீதானா எடுத்தே?"

"மாஸ்டர் கையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். மூணு உயிரையும் ஒரே மாதிரி விட்டாரு. மேலே, வலது, கீழே. யாரும் தப்பை அவ்வளவு ஒழுங்கா செய்ய மாட்டாங்க. எழுதி வெச்சதைப் பார்த்து மனப்பாடம் பண்ணினாத்தான் முடியும்."

"அது என் வழி இல்லையே!" என்றார் அண்ணன்.

"இல்லைதான். நாள் முழுக்க இடது, வலது, மேலே ஏத்து, கீழே இறக்குன்னு சொல்றவருக்கு மே-ன்னா மேலே, வ-ன்னா வலது. கி-யைப் பார்த்து, அவசரத்துல சுழி விட்டுப்போன கீ-ன்னு நெனச்சிருப்பாரு. ஆனா எங்க அண்ணன் சோத்துத் தட்டைக்கூட 'கொஞ்சம் கிழக்கே தள்ளு'ன்னு சொல்ற ஆள். வரைபடத்துல மேலே இருக்கிறது அவனுக்கு வடக்கு. மே-ன்னா மேற்கு. வ-ன்னா வடக்கு. கி-ன்னா கிழக்கு. இந்தக் கூடத்துல அதைச் சரியா படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நான் திருடியிருந்தா தப்பா படிச்சிருக்க மாட்டேன்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நல்ல கற்பனை, டாக்டரம்மா. பதினொன்னு அஞ்சுல இருந்து நான் சலூன் நாற்காலியில இருந்தேன். பதினொன்னேகாலுக்கு உங்க அண்ணனே தாளைப் பார்த்திருக்காரு. நான் என்ன, பறந்து வந்தா எடுத்தேன்?"

முதலாளியம்மா தலையாட்டினார். "அவர் சொல்றது சரிதானே?"

கடிகாரத்தில் 3.41. பதில் டாக்டரின் கைப்பையில் இருந்தது. எடுத்தால் மாஸ்டர் மாட்டுவார், கூடவே அவளும். எடுக்காவிட்டால் பலகையில் பெயர் போகும். அண்ணன் சாகும்வரை மன்னித்துக்கொண்டே இருப்பார். அந்த மன்னிப்பை நினைத்தபோதுதான் அவளுக்குத் துணிச்சல் வந்தது. மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அண்ணன் பதினொன்னேகாலுக்குப் பார்த்தது இதை. பிரிக்காததனால தெரியலை. இது வெறும் தாள். அண்ணன் இவர்கிட்ட வாங்கினது ஒரே தாள், அதுல எழுத்து இருந்துச்சு. இவர் சலூனுக்குப் போறதுக்கு முன்னாலேயே நிஜத்தை எடுத்துட்டு, இதை மடிச்சு வெச்சுட்டாரு. மேல் ஓரத்தைப் பாருங்க, ஊசித்துளை. அவர் சட்டைப்பையில இருக்கிற தாள்கட்டோட வெச்சுப் பாருங்க."

முதலாளியம்மா கையை நீட்டினார். மாஸ்டர் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாமாகவே கொடுத்தார். அடிக்கட்டையில் கோணலாக நின்ற ஒரு கிழிசலும் தாளின் ஓரமும் பல்லும் பல்லுமாகப் பொருந்தின.

"ஆறு வருஷமா மூணாவது. குடும்பமா வந்து முதல் ரெண்டு இடத்தையும் எடுத்துக்கிட்டா நான் எங்கே போறது?" என்றார் மாஸ்டர் யாரையும் பார்க்காமல்.

"அதெல்லாம் இருக்கட்டும். இந்த வெறும் தாள் உங்ககிட்ட எப்படி வந்துச்சு, டாக்டரம்மா?" என்றார் முதலாளியம்மா.

"நானும் திருடத்தான் போனேன், பதினொன்னரைக்கு. இவர் முந்திக்கிட்டாரு." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அதுலயும் நான் ரெண்டாவதுதான், அண்ணா."

அண்ணன் அந்தத் தாளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"வெறும் தாள்னு தெரிஞ்சதும் என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"எனக்குன்னே நீ வெச்சேன்னு நெனச்சேன்."

"உனக்கா? உன்னை நான் சந்தேகப்பட்டிருந்தா, பையை ஆணியில மாட்டிட்டு அந்தப் பக்கம் போயிருப்பேனா?"



முதலாளியம்மா தீர்ப்புச் சொன்னார். மாஸ்டரின் பெயர் பலகையிலிருந்து அழியும். டாக்டரின் பெயர் இருக்கும். ஆனால் இந்த வருஷம் ஆட்டம் கிடையாது. மாஸ்டர் சீவின தலையோடு படியிறங்கிப் போனார்.

4.00.

தங்கையின் முறை காலியானதால் அண்ணன் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் கிளம்பிப் போயிருக்கலாம், போகவில்லை.

"பாப்பா, கொஞ்சம் தெற்கே தள்ளி நில்லு. கண்ணாடியில நிழல் விழுது."

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் சரியாக ஓரடி நகர்ந்தாள்.

5.08. இருபத்தொன்றாம் கட்டம், நாற்சந்தி. அண்ணனின் கை மேற்கே போனது. பிடி, பிடி என்று அவள் மனசு சிவப்புப் பேயைக் கெஞ்சியது. வடக்கே. பிடித்துத் தொலையேன்! கிழக்கே. நான்கு பேயும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றுவிட்டன. மிச்சப் புள்ளிகளும் தீர்ந்து திரை வெறுமையாகி, இருபத்திரண்டு என்று காட்டியது.

கூடம் அதிரக் கை தட்டியது. அவளும் தட்டினாள், உள்ளங்கை வலிக்கத் தட்டினாள். அந்த நான்கு பேய்கள்மேலும் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.